கைக்குட்டைக்குள் போன மாவிளக்கு

சாரைக் கண்டால் அந்த ஆடு எழுந்து நிற்கும்.

வெண்ணந்தூரிலிருந்து வரும் ரோடு சேலம் மெயின் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம். மரத்தில் கட்டிக் கிடக்கும் அந்த வெள்ளாடு. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் திட்டாக வெள்ளை. டீக்கடைக்காரர் பக்கத்தில் போனால் அது படுத்தபடியே அசைபோடும். நான் போனால் பின்பக்கத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் என் வண்டியின் பின்சீட்டில் சார் உட்கார்ந்து வருவது தெரிந்தால் போதும், கயிறு தெறிக்கிற மாதிரி எழுந்து, முன்காலைத் தூக்கி, ஒரு வரவேற்பு கொடுக்கும் பாருங்கள், கலெக்டர் வந்தால்கூட எங்கள் ஊரில் அப்படிக் கொடுப்பதில்லை.

இதை நான் எங்கள் சர்ச் பங்கு முழுக்கப் பரப்பினேன். "வாயில்லாச் சீவனுக்குத் தெரியுதுங்க, யாரு நல்லவருன்னு. புனிதருங்ககிட்டத்தான் இப்படி மிருகமெல்லாம் வந்து ஒட்டுமாம்" என்று.

"அப்ப உங்களுக்குப் பொறத்தாலயக் காட்டுதே, அதுவும் தெரிஞ்சுதான் காட்டுதுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி ஸ்டெல்லா. பொறாமை.

சாருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். இதைப் படித்தாலும் படிப்பார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். சட்டைப் பையில் தேய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அவர் அதில் மூக்குச் சிந்தி நான் பார்த்ததில்லை; முகம் துடைத்தும் பார்த்ததில்லை. வியர்த்தால் புறங்கைதான். கைக்குட்டை எப்போதும் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும்.

அவரை எங்கள் பங்குக்கு அழைத்துவந்தவர் ஃபாதர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் ஒரு வகுப்பு நடக்கும், அக்கம்பக்கத்தார் எதை நம்புகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அறிவித்தார். கடைசியில், "போண்டா உண்டு" என்றார். எனக்கு உடனே விருப்பம் வந்தது.

முதல் வகுப்பில் சார் ஒவ்வொருவரையும், "உங்களுக்கு மற்ற மதங்களைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ராசிபுரம் ரோட்டில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன் நான். கண்ணாடியில் ஓம், பிறை, சிலுவை மூன்றும் வரிசையாக ஒட்டியிருக்குமே, அதில் பாதி இந்தக் கை ஒட்டியது. அந்தத் தைரியத்தில் எழுந்து, "ஒலக மதம் பூராவும் நம்ம கடையில ஒரே ஷீட்டுல இருக்குதுங்க சார். மூணும் சேத்து எடுத்தா கொறச்சுப் போட்டுக் குடுத்துருவனுங்க" என்றேன். மண்டபம் சிரித்தது. நான் உட்கார்ந்து போண்டாவைக் கடித்தேன்.

சார் சிரிக்கவில்லை. "உம் பக்கத்து ஊட்டுல யாருய்யா?" என்றார்.

"பாவாயக்காங்க சார். தறி ஓட்டறாங்க."

"என்ன சாமி கும்புடறாங்க?"

"மாரியம்மனா இருக்குமுங்க."

"எத்தனை வருசமாப் பக்கத்துல இருக்கறே?"

"கல்யாணம் ஆனதுல இருந்துங்க."

"ஒரே செவுரு. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவுங்க. கல்யாணம் ஆனதுல இருந்து. இன்னமும் 'இருக்குமுங்க'ங்கறே." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சுக்காம எப்படிய்யா நேசிப்பே? தெரியாத ஆளை நேசிக்கறேன்னு சொன்னா அது பொய்" என்றார்.

கடித்த போண்டாவைத் தட்டில் வைத்தேன். அவருடைய எல்லா வகுப்புக்கும் அதுதான் பல்லவி. தெரிஞ்சுக்காம நேசிக்க முடியாது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலில் நிறுத்தி இன்னொன்றும் சொல்வார்: "நாம சொல்றதுக்கு வரல. கேக்கறதுக்கு வந்திருக்கோம்."

அன்று சாயங்காலமே பாவாயக்கா வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன். அக்கா தறியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொலசாமியக் கேக்கறியா, ஊர்ச்சாமியக் கேக்கறியா, நான் வேண்டிக்கற சாமியக் கேக்கறியா?"

மூன்றும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வகுப்புக்கு வந்து இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"ஏஞ் சாமி, என்னைய மதம் மாத்தப் போறீங்களா? அப்பிடின்னா இப்பவே சொல்லிப்போடு. தறியில பாவு ஏத்துனது ஒண்ணு பாதியில நிக்குது, முடிச்சுப்போட்டு வாரேன்."

"அக்கா, அதெல்லாம் இல்லீங்க்கா. கேக்கறதுக்குத்தான்."

"கேட்டு?"

"போண்டா குடுப்பாங்க" என்றேன்.

அக்கா வந்தார். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதலில் தயங்கி, பிறகு தறி மாதிரி நிற்காமல் பேசினார். மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நடுவது, நட்டுவிட்டால் ஊரை விட்டுப் போய் வெளியூரில் தங்கக் கூடாது என்பது, அதனாலேயே தான் சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சாப்பிடக்கூட நிற்காமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்தது. சார் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையை லேசாகச் சாய்த்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், எதிரில் இருப்பவர் தாமே மறந்துபோனதையெல்லாம் தேடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்பார். கடைசியில், "ஏனுங்கம்மா, தங்கச்சி கோவிச்சுக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் "வாத்தியாரு". வாத்தியாரு சொன்னா, வாத்தியாரு கேட்டா. சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கும் மரியாதை ஏறியது. வாத்தியாரிடம் கூட்டிப்போனவன் நான் அல்லவா.

பண்டிகை ஊர்வலத்தின் மேளம் எங்கள் சர்ச் வாசலில் நின்று அடிப்பது பற்றி வருஷா வருஷம் முணுமுணுப்பு இருந்தது. பூசை நேரத்தில் பிரசங்கமே கேட்காது. (எங்களில் சிலருக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை.) அந்த வருஷம் எங்கள் பங்குப் பையன்கள் போலீஸில் மனு கொடுக்கலாம் என்று கிளம்பினார்கள். சார், "மனு எழுதற பேனாவை மூடி வெய்யுங்கடா" என்று சொல்லிவிட்டு, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு நடந்தே போனார். என்ன பேசினாரோ, ஊர்வலம் எங்கள் வாசல் வந்ததும் மேளம் தானாக நின்றது. நாங்கள் வாசலில் பந்தல் போட்டு மோர் ஊற்றினோம். சாரே சொம்பைப் பிடித்து ஊற்றினார். அக்னிச்சட்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, பாவாயக்கா அவர் கையால் ஒரு டம்ளர் மோரை மடமடவென்று குடித்தார். அதைப் பார்த்து நான் அழுதேன். மோரில் பச்சைமிளகாய் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

இனி கைக்குட்டைக்கு வருகிறேன்.

கோயிலுக்குப் போனால் பிரசாதம் கொடுப்பார்கள். பொங்கல், சுண்டல், பஞ்சாமிர்தம், எதுவானாலும். நான் கையில் விழுந்ததும் வாயில் போடுகிற ஜாதி. சில சமயம் கையில் விழுவதற்கு முன்பே. சார் அப்படியில்லை. குனிந்து, வலது கையின் கீழே இடது கையை வைத்து வாங்குவார். வாழையிலைத் துண்டில் சுருட்டி, கைக்குட்டையைப் பிரித்து, அதன் நடுவில் வைத்து, குழந்தைக்குத் துணி சுற்றுவது போல நான்கு பக்கமும் மடிப்பார். "ஊட்டுக்குப் போயி கை கால் கழுவி, செபம் பண்ணீட்டுச் சாப்புடறேனுங்க" என்பார். பூசாரிகள் சொக்கிப்போவார்கள்.

"பாத்தியா அந்தோணி, வாத்தியாரு மருவாதிய? நீ என்னமோ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு முழுங்கறாப்பல முழுங்கறே" என்பார் பாவாயக்கா.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுத்தபோது மட்டும் கைக்குட்டை வெளியே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்து, விரலால் வழித்தும் குடித்தார். கஞ்சியைக் கைக்குட்டையில் எப்படிக் கட்டுவது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட கூர்மையான அறிவோடுதான் நான் இத்தனை காலம் கடை நடத்துகிறேன்.

திரும்பும்போது சாரை மெயின் ரோட்டில் இறக்கி சேலம் பஸ் ஏற்றிவிடுவது என் வேலை. பஸ் வரும்வரை டீ. "நீ போயி ரெண்டு டீ சொல்லுய்யா, நான் இப்படி நெழல்ல நிக்கறேன்" என்று சார் புளியமரத்துப் பக்கம் போவார். ஆடு எழுந்து நிற்கும். கடைக்குள்ளிருந்து அந்தக் காட்சியைப் பார்த்து டீக்கடைக்காரரிடம் நான் உருகுவேன். மரத்தின் தூர் பெரியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாருடைய முதுகும் ஆட்டின் வாலும். வால் படு வேகமாக ஆடும்.

பிறகு சாருக்கு நெஞ்சு வலி வந்தது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். பங்கே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. பாவாயக்காவையும் கூட்டிக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் போனோம். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். குழாயும் ஒயருமாக, அந்த உயரமான மனுஷர் கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். வெளியே வந்ததும் அக்கா ஸ்டெல்லாவைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். சாருக்கு என்னென்ன வியாதி, எது ஆகும், எது ஆகாது என்று கேட்டாராம். ஸ்டெல்லாவுக்கு இந்த மாதிரி விஷயத்தில் சந்தோஷம் அதிகம், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

பண்டிகை வந்தபோது சார் தேறி வீடு திரும்பியிருந்தார். அந்த வருஷம் பாவாயக்கா அக்னிச்சட்டி எடுக்கவில்லை. மாவிளக்கு எடுத்தார். தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோகிற மாவிளக்கு இல்லை. உடம்பில் எந்த இடத்தில் நோவோ, படுத்துக்கொண்டு அந்த இடத்தின் மேல் இலை போட்டு, மாவை உருட்டிக் குழித்து வைத்து, நெய் ஊற்றித் திரி ஏற்றுவார்கள். அது எரிந்து முடிகிறவரை ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். நோவு வந்தவர்தான் படுப்பது வழக்கம்.

"வாத்தியாரைக் கூப்புட்டுப் படுங்கன்னு சொல்ல முடியுங்களா? அவரு சாமி வேற. அதனால அவருக்குப் பதிலா நானே படுத்துக்கறேன்னு வேண்டீட்டேன்" என்றார் அக்கா.

கோயில் மண்டபத்தில், ஈரச் சேலையோடு, பாவாயக்கா மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சின் மேல் இலை. இலை மேல் விளக்கு. மூச்சு விடும்போது சுடரும் ஏறி இறங்கியது. எங்கள் சாருடைய இருதயத்துக்காக. நான் என் வாழ்க்கையில் பல இடங்களில் முழங்காலில் நின்றிருக்கிறேன், பெரும்பாலும் மணியைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு மணி பார்க்கவில்லை.

விளக்கு குளிர்ந்ததும் அந்த மாவை அக்கா யாருக்கும் பிட்டுக் கொடுக்கவில்லை. எனக்கும் கூடத்தான். "இது வாத்தியாருக்கு. மொத வாய் அவருதான் திங்கோணும். அப்பத்தான் வேண்டுதல் முடியும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாரை வண்டியில் வைத்து அக்கா வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்கா விளக்கு வைத்த கதையைச் சொல்லச் சொல்ல சாருக்குக் கண்ணீர் வழிந்தது. நடிப்பில்லை, அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. இரண்டு கையாலும் மாவை வாங்கினார். நடுவில் திரி எரிந்த கறுப்பு. கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார். விரித்தார். நான்கு பக்கமும் மடித்தார்.

"ஊட்டுக்குப் போயி, செபம் பண்ணீட்டு..."

"ஆகட்டுங்க வாத்தியாரய்யா. மறக்காம மொத வாய் நீங்கதான்" என்றார் அக்கா.

டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். "ரெண்டு டீ சொல்லுய்யா" என்றார் சார். கடைக்குள் போய்ச் சொன்ன பிறகுதான் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்ற சந்தேகம் வந்தது. கேட்டுவிடலாம் என்று மரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சார் குனிந்து நின்றிருந்தார். உள்ளங்கையில் மாவு. ஆடு கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது. திரி எரிந்த கறுப்பை மட்டும் ஒதுக்கிவிட்டு, சாருடைய விரல் இடுக்குகளை நாக்கால் சுத்தமாக நக்கியது. சார் கைக்குட்டையின் ஒரு முனையால் கையைத் துடைத்தார். அப்போதுதான் முதல்முறையாக அவர் அதில் எதையாவது துடைத்துப் பார்த்தேன்.

நிமிர்ந்தவர் என்னைக் கண்டார். ஆடும் கண்டது. பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டது.

"சக்கரை போடலாமுங்களா சார்?" என்றேன்.

"அந்தோணி..."

"எப்பவுமே ஆட்டுக்குத்தானுங்களா சார்?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "குப்பையில போட மனசு வரலய்யா. அதுவும் ஒரு உசுரு, திங்குதேன்னுதான்."

"நீங்க தின்னிருக்கலாமேங்க."

"படைச்சதை நான் சாப்புட மாட்டேன். சின்ன வயசுல இருந்து அப்படித்தான். புரிஞ்சுக்கறது வேற, முழுங்கறது வேற."

"அப்ப வேண்டாமுன்னு அவுங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேங்க."

"மனசு நோகுமேய்யா. தெரியாத வரைக்கும் அவுங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையே."

தெரிஞ்சுக்காம நேசிக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. டீ ஆறிப்போனது. எனக்கு வந்த கோபத்தில் ஆட்டை உதைக்கலாம் போல இருந்தது. அதற்கு ஆடு என்ன செய்யும்? பங்கு முழுக்க அதன் ஞானதிருஷ்டியைப் பரப்பியவன் நான். நாலைந்து வருஷமாக எல்லாக் கோயில் பிரசாதத்தையும் ருசி பார்த்தது அந்த மரத்தடியில் அது ஒன்றுதான். எங்கள் வகுப்பில் ஒழுங்காகப் படித்த ஒரே மாணவன்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க சார். அது வேண்டுதல். அவுங்க நெஞ்சு மேல வெச்சு எரிச்சது" என்றேன்.

"சொல்றேன்" என்றார். "நானே சொல்லிக்கறேன். நீ சொல்லிறாதே. வர்ற ஞாயித்துக்கிழமை அவுங்களையும் வகுப்புக்குக் கூட்டியா."

அதை நான் நம்பினேன். அந்த வாரம் முழுக்க அக்காவின் கண்ணில் படாமல் சந்து வழியாகக் கடைக்குப் போனேன். அக்கா கேட்டால் என்ன சொல்வது? ஆயுசு பூராவும் வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு அந்த வாரம் ஒரு ஜோக்கும் வரவில்லை. என்ன பண்ணினீர்கள், யாருக்குப் பயந்து ஓடுகிறீர்கள் என்று ஸ்டெல்லா விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சார் ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் வகுப்பு. ஃபாதர் சால்வை போட்டார். பாவாயக்கா முதல் வரிசையில், பண்டிகைச் சேலையில். சார் எழுந்து பேசினார். அன்றைக்கு அவர் பேசிய மாதிரி எப்போதும் பேசியதில்லை. ஒரு பெண், தன் மதத்தில் இல்லாத ஒருவனுக்காக, தன் நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டு படுத்திருந்ததைச் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். இதோ, இந்த வாக்கியம் முடிந்ததும் சொல்லப்போகிறார். அடுத்த வாக்கியத்தில் சொல்லப்போகிறார்.

அவர் பேசி முடித்து உட்காரப்போனார். ஃபாதர் பாவாயக்காவைப் பார்த்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

அக்கா வெட்கத்தோடு எழுந்தார். "நான் என்னத்தச் சொல்றதுங்க. வாத்தியாரு நல்லா இருந்தாச் செரி. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுன்னு இருந்தேன். அந்த மாவு திங்கற மாதிரி இருந்துச்சுங்களா? ருசி எப்பிடியோன்னு எனக்கு ஒரே ரோசனைங்க."

மண்டபம் பாசத்தோடு சிரித்தது. சார் எழுந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன்.

"தேன் மாதிரி இருந்துச்சுங்கம்மா" என்றார். "இந்த வயசுல அப்படி ஒரு இனிப்பு நான் சாப்புட்டதில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. "அப்பிடீங்களா. நல்லதுங்க" என்று உட்கார்ந்தார்.

திரும்பும்போது அக்கா வண்டியில் ஏறமாட்டேன் என்று நடந்தார். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பாதித் தூரம் வந்ததும் கேட்டார்.

"அந்தோணி. நான் அதுல வெல்லமே போடலியே சாமி."

நான் நின்றுவிட்டேன்.

"அவருக்குச் சக்கரை ஒடம்புன்னு ஸ்டெல்லா சொன்னா. படைக்கறதுல வெல்லம் இல்லாம எப்பிடின்னு பூசாரிகிட்டப் போயி நின்னேன். ஆத்தா கோவிச்சுக்கமாட்டா, வெறும் மாவுல ஏலக்கா போட்டு வெய்யின்னாரு. சப்புன்னுதான் இருந்திருக்கும். அதுக்குத்தான் கேட்டேன்." கொஞ்சம் நடந்தார். "அவரு திங்கலே. அப்பிடித்தானே?"

"திங்கலீங்க்கா" என்றேன்.

"எப்பவுமே?"

"எப்பவுமேங்க்கா."

அக்கா அழுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "திங்கமாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா நான் என்ன சண்டைக்கா போவேன்? படைக்கறதுக்கு முன்னாடியே ஒரு உருண்ட தனியா எடுத்து வெச்சிருப்பேனே. நீ குடி வந்த மொத வருசம் உனக்கு அப்பிடித்தானே குடுத்தேன்! வேதக்காரங்க, படைச்சதத் திங்கறாங்களோ என்னமோன்னு தனிச் சட்டியில பொங்கி."

"எனக்கு அது தெரியாதுங்களே அக்கா."

"உனக்கு எங்க தெரியும்? நீ படையல் தட்டயே எட்டி எட்டிப் பாத்தே. சாமி கும்புட்டு முடிக்கறதுக்குள்ள ஒரு வடையக் காணோம். அப்பறந்தான், இதுக்கெதுக்குத் தனிச் சட்டின்னு உட்டுட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப என்ர மாவு எங்க போச்சு?"

மறைத்துப் பயனில்லை. சொன்னேன். டீக்கடை, புளியமரம், ஆடு, எல்லாம்.

அக்கா நடையை நிறுத்தினார். பிறகு முன்னைவிட வேகமாக நடந்தார். எங்கள் தெருவின் தறிச் சத்தம் கேட்கிற தூரம் வந்த பிறகு, "மொத வாய் அது தின்னுச்சா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"அப்ப அந்த ஆட்டுக்கு ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் தறி ஓட்டுவதில்லை.

அதற்குப் பிறகு அக்கா வகுப்புக்கு வரவில்லை. நானும் போகவில்லை. போண்டா இப்போது எந்த டீக்கடையிலும் கிடைக்கிறது. வாத்தியாரைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதும் இல்லை, பேசியதே இல்லை. சார் பிறகு ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். சில வருஷம் கழித்து அங்கேயே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுபடியும் நெஞ்சுதான்.

எங்கள் கோயிலில் அவருக்கு நினைவுப் பூசை வைத்தார்கள். பாவாயக்காவுக்கு நான் சொல்லவில்லை, ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்மை வாங்க, அதாவது பூசையில் தரும் அப்பம் வாங்க, வரிசை நகர்ந்தபோது அக்காவும் எழுந்து வரிசையில் நின்றார். பீடத்துக்குப் பக்கத்தில் சாருடைய படத்தை மாலை போட்டு வைத்திருந்தார்கள். அதற்குப் பூப்போடத்தான் எல்லோரும் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். கையில் ஒரு பிடி செவ்வந்தி. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் முன்னால் போய்விட்டார்.

ஃபாதர் புதியவர். அக்காவைத் தெரியாது. அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் உடல்" என்று நீட்டினார்.

அக்கா ஒரு விநாடி அதைப் பார்த்தார். பிறகு பூவோடு சேர்த்துக் கைகளைக் கூப்பினார்.

"மன்னிச்சுக்கோணுங்க சாமி. நான் இதைச் சாப்புடறவ இல்லீங்க."

மெதுவாகத்தான் சொன்னார். என் காது வரைக்கும் கேட்டது. ஃபாதர் லேசாகத் தலையசைத்து, கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். யாருடைய மனமும் நோகவில்லை. அக்கா நகர்ந்து போய், சாருடைய படத்தின் முன்னால் பூவை வைத்தார். படத்தில் சாருடைய சட்டைப் பையில் கைக்குட்டையின் வெள்ளை முனை தெரிந்தது.

அந்த டீக்கடை இன்னும் இருக்கிறது. ஆடும் இருக்கிறது, தாடி நரைத்து, பல் போய், அக்கா சொன்ன மாதிரியே கெட்டியாக. இப்போது என் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறது. பின்சீட்டில் யாரும் இல்லை என்பதை அது ஒத்துக்கொள்வதில்லை. நான் பக்கத்தில் போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறேன். நம்பாமல் என் சட்டைப் பையை முகர்ந்து பார்க்கிறது. அங்கேயும் ஒன்றும் இருக்காது. நான் கைக்குட்டை வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். வியர்த்தால் சட்டையிலேயே துடைத்துக்கொள்கிறேன். ஸ்டெல்லா திட்டுகிறாள்.